நகையை அடகு வைத்து பேஸ்ட்ரி படிக்கலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெண் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பி.காம் முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் ஆர்டர் எடுத்துச் செய்து வருகிறார். பெங்களூரில் ஒரு தனியார் பயிற்சிப் பள்ளியில் ஆறு மாத பேஸ்ட்ரி டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 4 லட்சம் ரூபாய். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தனிச் செலவு. அம்மா தம் நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். தாய்மாமாவோ, "புதுச்சேரியில் ஏதாவது ஒரு பேக்கரியில் சேர்ந்தால் சம்பளமும் வரும், தொழிலும் வரும், எதற்கு இந்தச் செலவு?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று புரியாமல் நிற்கும் அவருக்கு என்னால் முடிந்த அளவு விளக்கமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் படிக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் இந்த பேட்ச்சில் சேராதீர்கள். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு கோடை முழுவதும் அதில் அடங்கும்படி, சம்பளத்துக்கு ஒரு பேக்கரியில் நின்றுவிட்டு அதன் பிறகு பள்ளிக்குப் போங்கள். இதில் நான் உறுதியாக இருப்பதற்குக் காரணம், இந்த இரண்டு வழியிலும் நடந்தவன் நான் என்பதும், இரண்டு வழியில் வந்த பிள்ளைகளையும் இன்று என் பட்டறையில் வைத்து வேலை வாங்குகிறவன் என்பதும்தான்.

பதினேழு வயதில் புதுச்சேரியில் ஒரு பழைய ரொட்டிக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தேன். பப்ஸுக்கு மார்ஜரின்தான் போடுவோம். அது வெண்ணெயைப் போல எளிதில் உருகாது, அதனால் கத்திரி வெயிலிலும் அடுக்கு நிற்கும். ஒரு தங்கும் விடுதியிலிருந்து வெண்ணெயில் செய்த க்ரொசான் வேண்டும் என்று ஆர்டர் வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. மாவுக்கு நடுவில் வெண்ணெயை வைத்து, தேய்த்து மடித்துச் செய்கிற பிரெஞ்சு அடுக்கு ரொட்டி அது. மே மாதத்தில் மாவைத் தேய்க்கத் தேய்க்க வெண்ணெய் ஓரத்தில் பிதுங்கிக்கொண்டு வரும். ஓவனில் வைத்தால் ட்ரேயில் நெய் குளமாகத் தேங்கும். அந்த நெய்யிலேயே பொரிந்து க்ரொசானின் அடி கருகிவிடும், பிய்த்துப் பார்த்தால் நடுவில் அடுக்கே இல்லாமல் பன்னைப் போலப் பிசுபிசுவென்று இருக்கும். வெண்ணெயில் கலப்படம் என்றார் மாஸ்டர். மூன்று கம்பெனி வெண்ணெயை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் கோடை முடியும் வரை அந்த ஆர்டரே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் படிக்கப் போன இடத்தில், க்ரொசான் வகுப்பு நடந்த முதல் நாளே, நான் எடுத்து வைத்திருந்த வெண்ணெய்க் கட்டியில் ஆசிரியர் ஒரு வெப்பமானியின் ஊசியைச் செருகினார். 23 டிகிரி காட்டியது. "ரொட்டியில் தடவ இது சரி, மாவுக்குள் மடிக்க ஆகாது" என்றார். அதையே ஃப்ரிட்ஜில் வைத்து, 13 டிகிரிக்கு வந்ததும் எடுத்து வளைத்துக் காட்டினார். தோல் வாரைப் போல உடையாமல் வளைந்தது. இன்னும் குளிர்ந்தால் அது மாவுக்குள் சில்லு சில்லாக உடையும், 20 டிகிரியைத் தாண்டினால் மாவோடு கலந்துவிடும். மூன்றாக மடிப்பதை மூன்று முறை செய்தால் வெண்ணெய் 27 அடுக்காகிறது. ஓவனில் அந்த அடுக்குகளில் உள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்குவதால்தான் க்ரொசான் விரிகிறது. அடுக்கே கலந்துவிட்டால் ஆவி எதைத் தூக்கும்? மடித்து உருட்டி வைத்த பிறகு புளிக்க விடும் இடமும் 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. மே மாதத்துப் புதுச்சேரி அடுப்படியின் சூடு உங்களுக்கே தெரியும். மாஸ்டர் பழி சுமத்திய அந்த வெண்ணெயில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் விடை தெரியாமல் இருந்த ஒரு விஷயம் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. அந்த வகுப்பில் என்னோடு பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்களும் அந்த எண்களை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அவர்களில் யாரும் உருகிய வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு திட்டு வாங்கியதில்லை. அடுத்த மாதத் தேர்வில் பாதிப் பேருக்கு அந்த எண் நினைவில் இல்லை. பேக்கரிக்குப் போய்விட்டுப் படிக்கப் போங்கள் என்று நான் சொல்வதன் முழுக் காரணமும் இந்த ஒரு வகுப்பில் இருக்கிறது.

உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை. பேக்கரியில் தொழில் வரும். ஆனால் எந்த அளவு வரும் என்பது மாஸ்டர் எவ்வளவு சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. நம் ஊர்ப் பேக்கரிகளில் அளவு பெரும்பாலும் கையிலும் டப்பாவிலும்தான் இருக்கிறது. மாவை நூறாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கு எத்தனை சதவீதம் என்று எழுதும் பழக்கம் குறைவு. ஒரு கிலோ மைதாவுக்கு 600 மில்லி தண்ணீர் என்றால் 60 சதவீதம். இப்படி எழுதிவிட்டால் அரைக் கிலோவுக்கும் நாற்பது கிலோவுக்கும் அதே கணக்குதான். இந்தச் சிறிய விஷயத்தைக்கூட நான் கடையில் கற்கவில்லை. சாக்லேட்டும் அப்படியே. நம் பேக்கரிகளில் புழங்குவது காம்பவுண்ட். அதில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருப்பதால் உருக்கி ஊற்றினாலே போதும், இறுகிவிடும். கூவர்சூர் எனப்படும், கோக்கோ வெண்ணெய் நிறைந்த உண்மையான சாக்லேட்டை அப்படிச் செய்ய முடியாது. டார்க் வகையை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27 அல்லது 28-க்கு இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்றி வேலை செய்ய வேண்டும்; தவறினால் மறுநாள் வெள்ளை பூத்து நிற்கும். நட்சத்திர விடுதி எதுவாக இருந்தாலும், வெளிநாடு எதுவாக இருந்தாலும், பேஸ்ட்ரி வேலைக்கு வருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றே எதிர்பார்ப்பார்கள். இதைக் கற்க உங்களுக்குக் குளிர்ந்த அறையும், விலை உயர்ந்த பொருளும், வீணானாலும் பரவாயில்லை, திரும்பச் செய் என்று சொல்கிற ஒருவரும் வேண்டும். அதற்காகத்தான் பள்ளி.

பள்ளி தராததையும் சொல்லியாக வேண்டும். ஒரு முறை நல்ல பயிற்சிப் பள்ளியில் முடித்த ஒரு பெண் டிசம்பரில் என்னிடம் வேலைக்கு வந்தார். கண்ணாடி போல மின்னும் மெருகு ஊற்றிய கேக்கை அவர் செய்த அழகில் நானே அசந்துபோனேன். ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் முந்நூறு முட்டையை மஞ்சள் கரு உடையாமல் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது, ஒரு மணி நேரத்தில் அவர் கை நின்றுவிட்டது. குறை அவருடையது அல்ல. அவர் படித்த இடத்தில் ஐந்து பேருக்கு ஒரு மேசை. ஒருவர் எடை போட்டார், ஒருவர் மெஷினைப் பார்த்தார், ஒருவர் படம் எடுத்தார். ஆறு மாதத்தில் அவர் தனியாக, தொடக்கம் முதல் கடைசி வரை க்ரொசான் செய்தது இரண்டே முறை. எங்கள் பட்டறையில் ஒரு வாரத்தில் ஆறு முறை செய்கிறோம். நாலாவது மாதத்தில் அவர் எல்லோரையும் விட நன்றாகச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏன் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, கை மட்டும்தான் வர வேண்டியிருந்தது. அந்த மூன்று மாதங்களில் அவர் இரண்டு முறை வேலையை விட்டுப் போகப் பார்த்தார். பேக்கரியை முதலில் பார்த்துவிட்டுப் படித்திருந்தால் அந்த வேதனை இருந்திருக்காது. அல்லது இந்த வேலை தமக்கு ஒத்துவராது என்று 4 லட்சம் கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

பிரான்சில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது நமக்கு உதவும். அங்கே பேஸ்ட்ரி தொழிலுக்கான அடிப்படைச் சான்றிதழ் சி.ஏ.பி. எனப்படுவது. பயிலுநராகச் சேரும் பிள்ளைகள் சில வாரம் பள்ளி, சில வாரம் கடை என்று மாறி மாறிப் போய், கடையில் ஊதியமும் வாங்கிக்கொண்டு அதைப் படிக்கிறார்கள். அதைவிட முக்கியமானது 1996-ஆம் ஆண்டு அங்கே வந்த ஒரு சட்டம்: ரொட்டி, பேஸ்ட்ரி போன்றவற்றைச் செய்து விற்கும் தொழிலை நடத்த, அதற்குரிய சான்றிதழ் வேண்டும், அல்லது அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். சான்றிதழையும் மூன்று ஆண்டுக் கை அனுபவத்தையும் சட்டமே சமமாக வைத்திருக்கிறது. நம் ஊரில் இந்த இரண்டும் எதிரெதிர்க் கட்சிகளைப் போலப் பேசப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனிப் பணத்தைப் பற்றி. நீங்கள் பி.காம் படித்தவர், இந்தக் கணக்கை நீங்களே போடலாம், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். கட்டணம் 4 லட்சம். பெங்களூரில் தங்கவும் சாப்பிடவும் மாதம் 15,000 என்று குறைத்துப் போட்டாலும் ஆறு மாதத்துக்கு 90,000. ஆக ஏறத்தாழ 5 லட்சம். நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக்குள் திருப்ப வேண்டியது. படிப்பிலேயே அதில் பாதி போய்விடும். மீதி ஆறு மாதத்தில், தொடக்க நிலைச் சம்பளத்தில், நகையை மீட்க முடியாது. வட்டியைக் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போவீர்கள். நகையை விட்டுவிட்டு 4 லட்சத்தை மட்டும் 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,700 ரூபாய். முதல் வேலையில் கையில் 15,000 வருகிறது என்று வைத்துக்கொண்டால், தவணை போக 6,300-இல் வெளியூரில் வாழ வேண்டும். இப்படி நெருக்கடியில் இருக்கும் பிள்ளைகள் நல்ல சமையலறையில் குறைந்த சம்பளத்துக்கு இன்னும் ஓராண்டு நின்று கற்க முடியாமல், ஐந்நூறு, ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கும் இடத்துக்கு ஓடுகிறார்கள். கடன் அவர்களுடைய கற்றலையே பாதியில் நிறுத்திவிடுகிறது. இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். உங்கள் அம்மாவின் மனது பெரிய மனது; ஆனால் அந்த நகையை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

கல்விக்கடனைப் பற்றியும் விசாரியுங்கள். 4 லட்சம் வரை ஈடு இல்லாமல் தருவது வங்கிகளில் வழக்கம். ஆனால் எல்லாத் தனியார் பயிற்சிப் பள்ளிகளும் அதற்குத் தகுதி பெறுவதில்லை. நீங்கள் சேரவிருக்கும் பள்ளியின் பெயரைச் சொல்லி வங்கிக் கிளையிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அரசு சார்ந்த வழிகளை நீங்கள் குறிப்பிடவே இல்லை என்பதால் அவற்றையும் சொல்கிறேன். ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் பேக்கர் அண்ட் கன்ஃபெக்ஷனர் என்று ஓராண்டுத் தொழிற்பிரிவு உண்டு. பத்தாம் வகுப்பு போதும். மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மைக் கவுன்சிலின் கீழ் வரும் கல்லூரிகளில், பேக்கரிக்கு என்றே ஒன்றரை ஆண்டு டிப்ளமோ உண்டு. அதில் ஆறு மாதம் தொழிற்கூடப் பயிற்சி. சென்னை தரமணியில் இருப்பது அந்தக் கவுன்சிலின் பழைய கல்லூரிகளில் ஒன்று. புதுச்சேரியில் முருங்கப்பாக்கத்தில் அரசு ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. எந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு எந்தப் படிப்பு நடக்கிறது என்பதை நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் தனியார் பள்ளியின் அருகில்கூட வராது. பொருள் தாராளமாகக் கிடைக்காது, கூவர்சூர் சாக்லேட்டை எட்டிப் பார்ப்பதே அரிது என்ற குறை உண்டு. ஆனால் அடிப்படை உறுதியாக வரும், வெளிநாட்டு வேலைக்கு அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பை மட்டும் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அதில் வரவேற்பறையும் அறைப் பராமரிப்பும் சேர்ந்தே வரும், பேக்கரி ஒரு பகுதிதான்; ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ள உங்களுக்கு அது வீண் சுற்று.

பேக்கரியைத் தேடும்போது, ஏதாவது ஒன்றில் சேரலாம் என்ற மாமாவின் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் மாவைத் தாங்களே பிசைகிற, வெண்ணெயைத் தொடுகிற இடமாக இருக்க வேண்டும். உறைந்த பண்டத்தை வாங்கிச் சுட்டு விற்கும் கஃபேயில் ஓராண்டு நின்றாலும் ஒன்றும் வராது. புதுச்சேரியில் இந்த வசதி உண்டு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி இருந்த ஊர் என்பதால் ரொட்டி இங்கே காலைச் சாப்பாடாகவே வேரூன்றிவிட்டது. ஆரோவில் பக்கமும் புளித்த மாவில் ரொட்டி செய்கிற இடங்கள் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு ரவை, முட்டை, வெண்ணெய், ரம்மில் ஊறிய உலர்பழம் சேர்த்துச் செய்யும் விவிக்கம் கேக்கை எந்தப் பெங்களூர்ப் பள்ளியும் உங்களுக்குச் சொல்லித் தராது. அதை இங்குள்ள பழைய கைகளிடம்தான் கற்க வேண்டும், அந்தக் கைகளுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

நீங்கள் பெண் என்பதால் இன்னும் சிலவற்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், கூச்சப்படாதீர்கள். பேக்கரி வேலை பொழுது விடிவதற்கு முன்பே தொடங்கும்; கடலூரிலிருந்து பேருந்தில் வந்து போவது முதல் மாதத்திலேயே உங்களை முறித்துவிடும், தங்குவதற்கு ஒரு விடுதியைப் பார்த்துக்கொண்டு சேருங்கள். அங்கே ஏற்கெனவே வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, உடை மாற்ற இடமும் கழிப்பறையும் தனியாக இருக்கின்றனவா, கேக் அலங்காரத்தில் மட்டும் உட்கார வைப்பார்களா அல்லது மாவு மேசைக்கும் ஓவனுக்கும் விடுவார்களா என்று தெளிவாகக் கேளுங்கள். பெண் பிள்ளைகளைக் கோனைக் கொடுத்து ஐசிங் மேசையிலேயே வைத்துவிடுவது நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. வீட்டில் இரண்டு ஆண்டுகள் ஐசிங் செய்த நீங்கள் அதற்காக அங்கே போக வேண்டியதில்லை.

பள்ளியையும் இப்படியே விசாரியுங்கள். விளம்பரத்தில் இருக்கும் பிரெஞ்சுப் பெயர்களைப் பார்க்க வேண்டாம். ஒரு மேசைக்கு எத்தனை பேர், ஒவ்வொருவரும் மாவைத் தனியாகப் பிசைகிறார்களா, வாரத்தில் எத்தனை மணி நேரம் கை மாவில் இருக்கும், ஒரு பண்டத்தை எத்தனை முறை செய்ய விடுவார்கள், ஒரு துண்டுக்கு அடக்கவிலை போடக் கற்றுத் தருகிறார்களா என்று கேளுங்கள். முட்டை சேர்க்காத கேக்குக்கு நம் பகுதியில் எவ்வளவு கிராக்கி என்பது உங்கள் ஆர்டர் நோட்டிலேயே இருக்கும். அதற்குப் பாடம் உண்டா என்றும் கேளுங்கள். பள்ளியே அறிமுகப்படுத்தும் பழைய மாணவர் வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடித்த ஒருவரை நீங்களே தேடிப் பிடித்து, இப்போது எங்கே நிற்கிறார், என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். வகுப்பு நடக்கும் ஒரு நாளில் போய் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. வீட்டு ஆர்டரைப் பெருக்கிக் கடலூரிலேயே ஒரு சிறிய கடை போடுவதுதான் உங்கள் எண்ணம் என்றால், என் பதில் மாறும். அதற்கு ஆறு மாத டிப்ளமோ வேண்டாம். ஆறு மாத பேக்கரி அனுபவமும், அதற்குப் பிறகு உங்களுக்குத் தேவையானதில் மட்டும் ஒன்றிரண்டு வாரக் குறும்பயிற்சியும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஓவன் வாங்கலாம். விடுதியில் வேலை, கப்பலில் வேலை, வெளிநாடு என்று கனவு இருந்தால் மட்டுமே பெரிய படிப்பு.

உடனே செய்ய வேண்டியது, பெங்களூர்ப் பள்ளிக்கு எழுதி, அடுத்த பேட்ச்சுக்கு இடத்தை மாற்றித் தர முடியுமா என்று கேட்பது. ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் அது என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஊசி வைத்த சமையல் வெப்பமானி ஒன்றும் ஒரு நீள நோட்டும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போங்கள். நோட்டின் முதல் பக்கத்திலேயே தேதி, அறையின் சூடு, வெண்ணெயின் சூடு, மாவின் சூடு என்று நான்கு கட்டம் போட்டுவிடுங்கள். ஐந்தாவதாக, அன்றைக்கு ஏன் என்று புரியாமல் போன ஒன்றை எழுத ஒரு கட்டம். பள்ளியில் சேரும் நாளில் அந்த நோட்டையும் கொண்டு போங்கள்.